பாட்டும் பெயர்க்குறிப்பும்: தூத்துக்குடிக் கடற்கரைப் பாடல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பாட்டு வேறு, பாட்டைப் பற்றிய குறிப்பு வேறு. இரண்டும் ஒருங்கே பிறப்பன அல்ல. ஒருங்கே நிலைப்பனவும் அல்ல. பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைப்பன 22 பாடல்கள். அவற்றுட் பலவற்றின் இறுதியில் பாட்டு இயற்றியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் நிரலே குறிக்கப்பட்டுள்ளன. பெட்டனாகனார், பித்தாமத்தர் முதலியோர் வகுத்த இசை இன்று நம் செவிக்கு எட்டாது. அவர்கள் இருந்தனர் என்பதையும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்களில் அப்பாடல்கள் பாடப்பட்டன என்பதையும் அச்சிறு குறிப்புகளாலேயே அறிகின்றோம். இசை மறைந்தது, குறிப்பு நின்றது.

இற்றை நாளில் இந்நிலை தலைகீழாயிற்று. எண்ணிம வடிவிற் பதிந்த ஒலி எத்துணை முறை படியெடுப்பினும் தேய்வதில்லை. அதனுடன் செல்லவேண்டிய குறிப்போ வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றது. கைப்பேசியில் இசை கேட்பார் பலரும், பாடியவர் அறியப்படவில்லை என்னும் பொருள்படும் தொடரைத் திரையிற் கண்டிருப்பர். இசைக்கருவி பாட்டின் பெயரை எங்கிருந்து பெறுகின்றது, எவ்விடத்துத் தவறவிடுகின்றது என்பனவற்றைத் தூத்துக்குடிக் கடற்கரையைச் சார்ந்த இருவகைப் பாடல்களை வைத்து ஈண்டு ஆராய்வோம். ஒன்று, அக்கரையிற் பிறந்து திரையுலகிற் புகழெய்திய பாடகர் ஒருவரின் பாடல்கள். மற்றொன்று, இயற்றினார் பெயரே இல்லாத அம்பாப் பாடல்கள். பழைய ஒலிநாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றும் பணியில் தமிழ்த்துறைகளும் ஈடுபடுகின்ற இக்காலத்தில் இதனைப் பொறியியலார்க்கே உரிய செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது.

கருவி பாட்டைக் கேட்டு அதன் பெயரை உணர்கின்றது என்று எண்ணுவார் உளர். பெரும்பாலும் அவ்வாறன்று. ஒலிக்கோப்பினுள் எவரோ ஒருவர் எழுதிவைத்ததையே அது படித்துக் காட்டுகின்றது. எம்.பி.3 என்னும் கோப்புமுறை வகுக்கப்பட்டபோது அதிற் பாட்டின் பெயர் எழுத இடம் வைக்கப்படவில்லை. 1996-ஆம் ஆண்டில் எரிக் கெம்ப் என்பார் கோப்பின் இறுதியில் 128 பைட்டு அளவுள்ள சிறுபகுதி ஒன்றைச் சேர்க்கும் முறையை வகுத்தார். ஐ.டி.3 என்பது அதன் பெயர். அதன்கண் முதல் 3 பைட்டுகள் குறிப்பு உளது என்பதற்கு அடையாளம். அடுத்துப் பாட்டின் தலைப்புக்கு 30, பாடியவர்க்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டிற்கு 4, பிற செய்திக்கு 30, வகைக்கு 1. ஏடு எழுதி முடித்தவன் இறுதி ஏட்டில் ஆண்டும் திங்களும் தன் பெயரும் பொறித்து வைக்கும் வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். ஏட்டில் இடம் போதாவிடின் அவன் மற்றோர் ஓலையைச் சேர்த்துக்கொள்வான், இங்கு அதற்கு வழியில்லை.

வகைக்கென விடப்பட்ட அந்த ஒரு பைட்டு நம் கருத்திற்கு உரியது. அதில் எழுத்து எழுதுவதில்லை. எண் ஒன்றே இடப்படும். எந்த எண் எந்த இசைவகை என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. முதற்பட்டியலில் 0 முதல் 79 வரை 80 வகைகள் இடம்பெற்றன. மேனாட்டு ராக் இசையின் உட்பிரிவுகள் அதில் மலிந்திருந்தன. நாட்டுப்புறப் பாடலுக்கு ஓர் எண்ணும் இல்லை. பின்னர் வினாம்ப் என்னும் இசைநிரலை ஆக்கியோர் நீட்டித்த பட்டியலிலேதான் 80 என்னும் எண் அதற்குக் கிடைத்தது. பட்டியல் வகுத்தாரைக் குறைகூறுதற்கு இதனைச் சொல்லவில்லை. அவர் தம் வீட்டிலிருந்த இசைத்தட்டுகளைக் கண்முன் வைத்து வகுத்தனர் போலும்.

1998-இல் இம்முறையின் இரண்டாம் வடிவம் வந்தது. இது கோப்பின் தொடக்கத்தில் அமைவது. அளவுக்கட்டுப்பாடு ஏறத்தாழ நீங்கியது. பாடியவர், இசை வகுத்தவர், பாட்டு இயற்றியவர் ஆகியோர்க்குத் தனித்தனி அறைகள் ஏற்பட்டன. படமும் சேர்க்கலாம் என்றாயிற்று. பரிபாடற் குறிப்பின் மூன்று உறுப்புகளுள் இரண்டு இவ்வாறு மீண்டும் கிடைத்தன. மூன்றாவதாகிய பண்ணுக்கு மட்டும் அறை இல்லை. சுருதியைக் குறித்தற்கு ஓர் அறை உண்டு. அது மேனாட்டு முறைக்கு உரியது. மூன்றெழுத்துக்கு மேல் அதில் எழுதலாகாது. ஆகலின் பண்ணோ இராகமோ எழுத விரும்புவோர், பயன்படுத்துவோர் தாமே பெயரிட்டுக்கொள்ளும் பொது அறையை நாடவேண்டும். அவ்வறையைப் பல கருவிகள் திரையிற் காட்டுவதே இல்லை.

இனித் தூத்துக்குடிப் பாடகரிடம் வருவோம். ஜே. பி. சந்திரபாபு 1927-இல் அவ்வூரிற் பிறந்து 1974-இல் மறைந்தவர். நகைச்சுவை நடிகராகவே பெரிதும் போற்றப்படினும் தம் பாடல்களைத் தாமே பாடியவர். 'பெண்' (1954) என்னும் படத்தில் எஸ். பாலசந்தருக்காகப் பின்னணி பாடியவரும் அவரே. ஜோசப் பனிமயதாஸ் என்பது அவர்தம் இயற்பெயர். ஆகஸ்டு 5-ஆம் நாள் தூத்துக்குடியில் விழாக் கொண்டாடப்பெறும் பனிமய மாதாவின் பெயரைத் தாங்கியது அது. சந்திரபாபு என்னும் பெயர் எவ்வூரினர்க்கும் பொருந்தும். அவர் எந்தக் கரையினர் என்பதைச் சொல்வன முன்னிற்கும் இரண்டு முதலெழுத்துகளே.

அவ்விரண்டு எழுத்துகளும் பழைய ஐ.டி.3 அறையில் என்னாகின்றன என்று கணக்கிட்டுப் பார்த்தோம். யூ.டி.எஃப்.-8 என்னும் குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். 'சந்திரபாபு' என்னும் பெயரில் ச, ந, புள்ளி, த, இகரக்குறி, ர, ப, கால், ப, உகரக்குறி எனக் குறிகள் 10. ஆகவே 30 பைட்டு. அறையின் அளவும் 30. பெயர் மிகையும் குறையும் இன்றி அறையை நிரப்பிவிடுகின்றது, முதலெழுத்துகளுக்கு இடமில்லை. அவற்றை முன்வைத்து 'ஜே. பி. சந்திரபாபு' என எழுதினாலோ 46 பைட்டு வேண்டும். அறை 30-இல் முடிதலின் 'ஜே. பி. சந்த' என்பதோடு பெயர் நின்றுவிடும். அதன்பின் வரும் இகரக்குறி மூன்றில் இரண்டு பங்கே எழுதப்பட்டுப் பொருளற்ற கட்டமாகத் திரையிற் காணப்படும். ஊர் வேண்டுமெனின் பெயர் சிதையும். பெயர் வேண்டுமெனின் ஊர் போம்.

பழைய அறையிற் பைட்டுகளை எந்தக் குறியீட்டு முறையாற் படிப்பது என்பதும் சொல்லப்படவில்லை. கருவிகள் பல இலத்தீன் எழுத்தாகவே கொண்டன. அவ்வாறு கொள்ளின், தலைமேற் கோடிட்ட ஏ என்னும் ஆங்கில எழுத்தும், வட்டத்துள் அமைந்த ஆர் என்னும் எழுத்தும் மாறிமாறி வரும் குப்பையாகத் தமிழ்ப்பெயர் தோன்றும். அதனைக் கண்டோர் கோப்புக் கெட்டது எனக் கருதி அழித்துவிடுதலும் உண்டு. கோப்பு கெடவில்லை, படிக்கும் முறையே மாறியது. 1999-இல் வந்த திருத்தம் 16 இருமக் கூறுகள் கொண்ட ஒருங்குறியையும், 2000-இல் வந்த திருத்தம் யூ.டி.எஃப்.-8 முறையையும் ஏற்றன. அதற்கு முன்னர், எழுத்துருவுக்கு ஒரு குறியீடாகத் தமிழைத் தட்டெழுதிய காலத்துக் கோப்புகளில் அந்த எழுத்துரு இன்றேல் ஒன்றும் விளங்காது.

எழுத்து ஒழுங்காகத் தெரிவதனாலும் இடர் முழுதும் தீராது. கருவி தன்கண் உள்ள கோப்புகளை ஒருமுறை படித்துத் தனக்கென ஓர் அட்டவணை அமைத்துக்கொள்கின்றது. திரையிற் காட்டுவது அவ்வட்டவணையையே. ஆகவே கோப்பிலுள்ள குறிப்பைத் திருத்தியபின் மீண்டும் படிக்கச் செய்யாவிடின் பழைய பிழையே தோன்றிக்கொண்டிருக்கும். எளிய கருவிகள் பெயர்களை ஆள் என்று கருதுவதில்லை. குறிகளின் வரிசை என்றே கருதுகின்றன. முற்றுப்புள்ளிக்குப்பின் இடைவெளி விட்ட ஜே. பி. சந்திரபாபு ஒருவர், விடாத ஜே.பி.சந்திரபாபு மற்றொருவர். இன்னும் நுண்ணியது ஒன்று உண்டு. முத்தாற் பெயர்பெற்ற கொற்கையின் முதலெழுத்தாகிய 'கொ' என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ஒகரக்குறியை ஒரே குறியாக இடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் நிகர் என்று ஒருங்குறி விதித்திருப்பினும், அவ்விதியைப் பின்பற்றாத கருவியில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. சுவடிகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வேறுபாடின்றி எழுதப்பட்டதனால் இடர்ப்பட்ட பதிப்பாசிரியர்க்கு இது புதிதன்று.

திரைப்பாட்டில் ஆசிரியர் பலர் என்பது மற்றொரு சிக்கல். 'மரகதம்' (1959) படத்திற் சந்திரபாபுவும் கே. ஜமுனாராணியும் இணைந்து பாடிய பாட்டுக்கு இசை எஸ். எம். சுப்பையா நாயுடு, இயற்றியவர் கு. மா. பாலசுப்பிரமணியம். பாடியவர் என்னும் ஒரே அறையில் இந்நால்வருள் எவரை எழுதுவது? ஒருவர் பாடகரை எழுதுகின்றார். மற்றொருவர் இசையமைப்பாளரை எழுதுகின்றார். படத்தின் பெயரை எழுதுவாரும் உளர். கடலுக்கு அப்பாலிருந்து தென்கரையெங்கும் கேட்ட இலங்கை வானொலித் தமிழ்ச்சேவையில் அறிவிப்பாளர் படம், பாடியோர், இயற்றியவர், இசையமைத்தவர் என அனைத்தையும் பாட்டுக்கு முன்னே சொல்லிவிடுவர். முப்பது பைட்டு அறையினும் அக்குரல் வளமானது என்றே நாம் கருதுகின்றோம்.

எழுதிவைத்த குறிப்பு இல்லாதவிடத்துக் கருவி என்செய்யும்? கோப்பின் பெயரைப் பார்க்கும்; அதுவும் வெறும் எண்ணாயின் வலையத்திலுள்ள பெருந்தொகுப்புகளை வினவும். இவ்வழி குறுந்தகட்டிலிருந்து தொடங்கியது. 1980-இல் வகுத்த குறுந்தகட்டு இலக்கணத்தில் பாட்டின் பெயருக்கு இடமில்லை. ஒவ்வொரு பாட்டும் தகட்டில் எங்குத் தொடங்குகின்றது என்னும் கணக்கைக்கொண்டே தகட்டை அடையாளம் காணும் முறையை 1990-களில் கண்டனர். அக்கணக்கை அனுப்பினால், முன்னரே அத்தகட்டைக் கேட்ட ஒருவர் தட்டெழுதி வைத்த பெயர்கள் வந்துசேரும். அவர் பிழையாக எழுதியிருப்பின் அப்பிழையே உலகெங்கும் பரவும். 2000-ஆம் ஆண்டளவில் தோன்றிய மியூசிக்பிரெயின்சு என்னும் பொதுத்தொகுப்பு, இயற்றப்பட்ட பாட்டு, அதன் ஒலிப்பதிவு, அப்பதிவு வெளிவந்த தட்டு ஆகிய மூன்றையும் வேறுபிரித்துப் பதிகின்றது. நூல், பாடம், பதிப்பு என்று நாம் பிரிப்பதை இது ஒக்கும்.

ஒலியையே ஆராய்ந்து பெயர் காணும் முறை அதன்பின் வளர்ந்தது. ஷசாம் நிறுவனத்தின் முறை ஒலியின் அதிர்வெண் வரைபடத்தில் ஓங்கி நிற்கும் புள்ளிகளைப் பொறுக்கி, அவற்றின் இடைவெளிகளை எண்ணாக்கிப் பட்டியலோடு ஒப்பிடுகின்றது. குரோமாபிரிண்டு என்னும் மற்றொரு முறை ஒலியைப் பன்னிரண்டு சுரத்தானங்களாகப் பகுத்து அடையாளம் செய்கின்றது. ஆசிரியர் பெயர் அறியாத குறுந்தொகைப் புலவரைப் பாட்டிலுள்ள தொடராற் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் முன்னோர் வழங்கினர். பாட்டின் உள்ளிருந்தே பெயர் எடுத்தல் அது. இயந்திர முறையும் உள்ளிருந்தே அடையாளம் எடுக்கின்றது. ஆனாற் பெயரை எடுப்பதில்லை. அடையாளத்தோடு பொருந்தும் பதிவு ஒன்று முன்னரே பெயருடன் தொகுப்பில் இருத்தல் வேண்டும். இல்லையேல் மௌனமே விடை. அன்றியும் அது அறிவது ஒரு பதிவைத்தான். அதே பாட்டை அதே பாடகர் மற்றொரு நாள் பாடியிருப்பின் அடையாளம் பெரும்பாலும் பொருந்தாது.

அம்பாப் பாடல்களுக்கு இம்முறை உதவாமை இதனால் விளங்கும். கரைவலை இழுக்கும்போதும் தண்டு வலிக்கும்போதும் ஒருவர் முன்னெடுத்துப் பாட, ஏனையோர் ஏலேலோ முதலிய அசைகளால் எதிரொலிக்கும் பாடல்கள் இவை. சொற்கள் அன்றன்றைக்கு மாறும். வலையின் பளுவுக்கேற்ப நடையும் மாறும். ஒருமுறை பாடியது மறுமுறை வருவதில்லை. இயற்றியவர் இல்லை, தொகுப்பின் பெயர் இல்லை, வெளியீட்டாண்டு இல்லை. முதலடியைத் தலைப்பாக எழுதினால் ஒரு கரையின் பாடல்கள் பலவும் ஏலேலோ என்னும் ஒரே தலைப்பின்கீழ்க் குவிந்துவிடும். மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-க்குப் பின் நடைபெறவில்லை. அத்தோணிகளிற் சென்றோரின் குரலைத் தாங்கிய நாடா எங்கேனும் இருப்பின் அதனை மீண்டும் பதிவுசெய்ய இயலாது. அதன் உறையின்மேல் மையினால் எழுதிய இரண்டு வரியே அதற்குள்ள குறிப்பு. நாடாவை எண்ணிமமாக்குவோர் ஒலியை மட்டும் படியெடுத்து உறையை விட்டுவிடின் முதற்படியிலேயே பாட்டு ஊரற்றதாகிவிடும்.

ஆகவே இத்தகைய பதிவுகளில் தலைப்பு அறையில் தொழிலையும் இடத்தையும் எழுதுவது தக்கது: கரைவலை இழுவைப் பாட்டு என்றும் ஊர்ப்பெயரும். பாடியவர் அறையில், அவர் இசைவு பெற்று, முன்பாட்டுப் பாடினார் பெயரை முழுமையாக எழுதி, உடன் குழுவினர் எனச் சேர்க்கலாம். முதலெழுத்துகளைச் சுருக்காது விரித்தே எழுதவேண்டும் என்பதற்குச் சந்திரபாபுவின் பெயரே சான்று. ஆண்டு அறையில் எண்ணிமமாக்கிய ஆண்டை இடுதல் பெருவழக்காயிருக்கின்றது. அது பாடிய ஆண்டாக இருத்தல் வேண்டும். மாற்றிய ஆண்டைப் பிற செய்தியில் எழுதலாம். உறையில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல், பிழையிருப்பின் பிழையோடு, பொது அறையிற் படியெடுத்தல் வேண்டும். சில இசைநிரல்கள் வலையத்தொகுப்பை வினவித் தாமே குறிப்பை மாற்றி எழுதிவிடுதலின், அதே செய்தியைத் தனி எழுத்துக்கோப்பாகவும் ஒலிக்கோப்பின் அருகிலேயே வைப்பது நலம். அக்கோப்பின் பெயரும் ஒலிக்கோப்பின் பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும்.