மூணு நிமிஷத்தில் மக்கில் ஏறும் மாப்பிள்ளை, பொண்ணு!

முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் சந்நிதித் தெருவுக்கு வந்து பாருங்கள். அறுபடை வீடுகளில் முதல் வீடு, முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலம். கோயிலில் அடுத்தடுத்து கெட்டிமேளம்தான்! மாலையும் கழுத்துமாக ஜோடிகள், தாம்பூலப் பையோடு சொந்தபந்தம், ஓட்டமும் நடையுமாக போட்டோகிராபர்கள். அவர்கள் எடுக்கிற படங்களில் சில, சாயங்காலத்துக்குள் காபி மக்கில் ஏறிவிடுகின்றன. எப்படி என்று பார்த்துவிடலாமா? ஒரு ஸ்டுடியோவின் பின்கட்டுக்குள் நுழைகிறோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே தூசிதான் முதல் எதிரி!

உள்ளே பெரிய தொழிற்சாலை எல்லாம் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், சப்ளிமேஷன் இங்க் ஊற்றிய ஒரு பிரிண்டர், மேஜை ஓரத்தில் மக்கைச் சூடாக்கி அழுத்தும் ஒரு மக் பிரஸ். அவ்வளவேதான்! பிரிண்டரிலிருந்து காகிதம் வெளியே வருகிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்குப் பகீரென்றுதான் இருக்கும். பெயர் எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பிக் கிடக்கிறது. மணப்பெண்ணின் அரக்குப் பட்டு சோகையாக வெளுத்துத் தெரிகிறது. பதறவே வேண்டாம், காகிதத்தில் இப்படித்தான் இருக்க வேண்டும். மக்கில் படம் நேராக வருவதற்காகத்தான் ‘மிரர்’ போட்டுத் திருப்பி அடிக்கிறார்கள். நிறமோ, சூடு பட்ட பிறகுதான் தன் முழு அழகைக் காட்டும்!

கற்பூர வித்தை

பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் (சப்ளிமேஷன்) படித்தோமே, அதுதான் இந்தத் தொழிலின் உயிர். கற்பூரம் உருகி ஓடாமல் நேரே காற்றில் கலக்கிற மாதிரி, இந்த இங்க்கில் இருக்கும் சாயமும் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் நேரே ஆவியாகிறது. மக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாலியஸ்டர் கோட்டிங் இருக்கிறது. சூட்டில் அது இளகி வழிவிட, சாயத்தின் ஆவி உள்ளே புகுந்துகொள்கிறது. மக் ஆறியதும் கோட்டிங் இறுகி, சாயத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறது. அதனால்தான் நகத்தால் சுரண்டினாலும் படம் உரிந்து வருவதில்லை. பாத்திரக்கடையில் வாங்கிய சாதா பீங்கான் மக்கில் இந்த வித்தை பலிக்காததற்கும் இதுவே காரணம். சாயம் குடியேற அங்கே கோட்டிங் இல்லையே!

1957-ல் பிரான்சில் நோயெல் த பிளாஸ் என்பவர் துணிக்காகக் கண்டுபிடித்த முறை இது.

பிரிண்டர் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில பிரிண்டர்கள் இங்க்கைச் சூடாக்கித் தெறிக்கவிடும். சூட்டில் வேலை செய்யும் சப்ளிமேஷன் இங்க்குக்கு அது சரிப்படாது. எப்சன் மாதிரி, சூடில்லாமல் அழுத்தித் தள்ளும் பீசோ ஹெட் பிரிண்டரைத்தான் கடைக்காரர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

வேட்டியின் வெள்ளை எங்கிருந்து வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த ரகசியம் இது. பிரிண்டரில் இருப்பது சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மட்டும்தான். வெள்ளை இங்க்கே கிடையாது! அப்படியானால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி எப்படிப் பளிச்சென்று தெரிகிறது? அங்கே எதுவுமே அச்சாகவில்லை. நாம் பார்ப்பது மக்கின் சொந்த வெள்ளை. ஆகவே மக்கின் வெள்ளை பழுப்படித்தால் வேட்டியும் பழுப்பு, மணப்பெண்ணின் மல்லிகைப் பூவும் பழுப்பு. நல்ல கோட்டிங் மக் வாங்குவதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

படத்தையும் பார்த்து வாங்க வேண்டும். வழக்கமான 325 மில்லி மக்கில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரத்துக்குப் படம் வைக்கலாம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் நீளவாக்கில் சுமார் 2,360 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். “டாக்குமெண்ட்டா அனுப்புங்க சார்” என்று கடைக்காரர் போனில் கெஞ்சுவது இதற்காகத்தான். இங்க்குக்கும் காகிதத்துக்கும் ஏற்றபடி நிறத்தைச் சரிசெய்யும் கலர் புரொஃபைலையும் மறக்காமல் போட வேண்டும். போடாவிட்டால் நம் ஊர் மாநிற முகங்கள் சிவந்துபோய், யாரோ எவரோ என்று ஆகிவிடும்!

மக்குக்குக் கட்டுப் போடுவோம்

இப்போது கிட்டே வந்து பாருங்கள். மக்கைப் பஞ்சு உதிராத துணியால் துடைக்கிறார்கள். காகிதத்தின் மேல் தூசி எடுக்கும் ரோலர் ஒருமுறை ஓடுகிறது. துணியிலிருந்து உதிர்ந்த ஒற்றை இழை இடையில் சிக்கினால் போதும், மணப்பெண்ணின் கன்னத்தில் நீலப் புள்ளி விழுந்துவிடும். பிறகு காகிதத்தை மக்கைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, சூடு தாங்கும் டேப்பை ஒரு விளிம்பில் ஒட்டி, இழுத்து மறு விளிம்பில் ஒட்டுகிறார்கள். விரலால் தள்ளினால் காகிதம் துளிகூட நகரக் கூடாது. கைப்பிடிக்கு இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டும். பிரஸ்ஸின் ஹீட்டர் அதுவரை எட்டாது.

மக் உள்ளே போகிறது, லீவர் இறங்குகிறது, டைமர் ஓடுகிறது.

“எடுத்துறவாண்ணே?”

“பொறுடா தம்பி, பீப் அடிக்கட்டும்!”

பெரும்பாலான பிரஸ்களில் இரண்டரையிலிருந்து நான்கு நிமிடம். பீப்! கையுறை மாட்டிய கை மக்கை எடுத்து, காகிதத்தை ஒரே இழுப்பில் உரிக்கிறது. அடடா! சோகையாகக் கிடந்த அரக்குப் பட்டு தகதகவென்று மின்னுகிறது, மாலையின் ரோஜா ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கிறது! எத்தனை தரம் பார்த்தாலும் இந்த நொடிக்கு மனசு துள்ளாமல் இருக்காது. உரிப்பதில் தயங்கக் கூடாது. காகிதம் அசைந்து அசைந்து வந்தால், மிச்சமிருக்கும் ஆவி பக்கத்தில் இன்னொரு நிழல் படத்தைப் போட்டுவிடும். சுடச்சுடப் பச்சைத் தண்ணீரில் முக்கவும் கூடாது. மக் விரிசல் விடும். காற்றோட்டமான இடத்தில் தானாக ஆறட்டும்.

மக் பேசும், கேளுங்கள்!

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நல்ல சேதி: எங்கே பிசகியது என்பதை மக்கே சொல்லிவிடும்!

நிறம் மங்கலா? சூடோ நேரமோ போதவில்லை. கருப்பு காபிக் கலருக்குத் திரும்பி, விளிம்புகள் கலங்கியிருக்கிறதா? சூடோ நேரமோ கூடிப்போச்சு. நடுவில் பளிச், மேலும் கீழும் வெளிறலா? அழுத்தம் சமமாக விழவில்லை. படம் இரட்டையாகத் தெரிகிறதா? டேப் தளர்ந்து காகிதம் நகர்ந்திருக்கிறது. திட்டுத்திட்டாக இருக்கிறதா? காகிதத்தில் ஈரம். ஐப்பசி மழைக்காலத்தில் மதுரைக் காற்றின் ஈரத்தைக் காகிதம் குடித்துவிடும். அதனால் காகிதக் கட்டைக் காற்றுப் புகாத கவரில் மூடி வைத்து, வேலைக்கு முன் சில நொடி சூடு காட்டுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரஸ்ஸின் திரையில் 190 டிகிரி என்று காட்டினால் மக்கிலும் 190 இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். குளிர்ந்த மக் உள்ளே போனதும் சூடு சரசரவென்று இறங்கும். வோல்டேஜ் குறைந்தால் ஏறவே நேரமாகும். ஒரே கம்பெனியின் இரண்டு பிரஸ்கூட ஒரே மாதிரி நடப்பதில்லை.

அதனால் மேஜையில் இருக்க வேண்டிய மிக முக்கியமான கருவி ஒரு நோட்டும் பேனாவும். ஒவ்வொரு மக்குக்கும் சூடு, நேரம், அழுத்தம், எந்தக் காகிதம், எந்த லாட் மக் என்று எழுதுங்கள். சரியாக வராவிட்டால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: சூட்டை 5 டிகிரி ஏற்றலாம், அல்லது நேரத்தை 15 நொடி கூட்டலாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. எடுத்ததும் கல்யாணப் படத்தில் கை வைக்காமல், முதல் மக்கில் வண்ணக் கட்டங்களை அடித்துப் பாருங்கள். உங்கள் பிரஸ்ஸின் கணக்கு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் போதும், பத்தாவது மக்கும் நூறாவது மக்கும் ஒரே அச்சாக வந்து விழும். தைரியமாக லீவரை இறக்குங்கள்!