பந்து சரியுமுன்

சம்மணமிட்டு உட்காரும்போது தொடையிடுக்கில் எழுகிற வலி, சில சமயம் முழங்காலில் வந்து நின்றுகொண்டு, நோய் அங்கேதான் என்று நோயாளியை மட்டுமின்றி வைத்தியரையும் மயக்கிவிடுவதுண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரே எடுத்தாலோ குற்றம் ஒன்றும் புலப்படாது. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை நம்பி, முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினர் எத்தனையோ பேர் வலிமாத்திரையோடு மாதங்களைக் கழித்துவிட, அதற்குள் தொடையெலும்பின் பந்துமுனை, கரையான் அரித்த கதவைப்போல, வெளியே முழுமையாகவும் உள்ளே ஜீவனற்றும் ஆகிவிடுகிறது.

அந்தப் பந்தைப் போஷிக்கும் ரத்தநாளங்கள் மெல்லியவை. ஒன்று தடைப்பட்டால் அதன் வேலையை மற்றொன்று எளிதில் ஏற்பதில்லை; ரத்தம் எட்டாத எலும்பு மடிந்துபோகிறது. எலும்பின் கழுத்து முறிவதாலும், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வதாலும், மிதமிஞ்சிய மதுவாலும் இத்தடை நேரலாம். கொரோனாக் காலத்தில் உயிரைக் காத்த ஸ்டீராய்டே பின்னர் சிலருக்கு இவ்வியாதியைக் கொணர்ந்தது.

பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரில் ஆர்லே, ஃபிகா என்னும் இரு மருத்துவர்கள், எலும்பைத் துளைத்துச் சிறு துண்டெடுத்து நோயை ஆராயும் முறையை 1964-இல் வெளியிட்டார்கள். சோதனைக்காக இட்ட அத்துளையே நோயாளியின் வலியையும் தணிக்கக் கண்டதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய துளைச் சிகிச்சை. தொடையின் வெளிப்புறம் சிறிதே கீறி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, நலிந்த பகுதி வரை ஒரு கம்பியைச் செலுத்தி, அதன் வழியே எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளையோ, மூன்று மில்லிமீட்டர் அளவில் சில துளைகளோ இடுகிறார்கள். மஜ்ஜைக்குள் தேங்கிய அழுத்தம் இறங்குகிறது; புதிய நாளங்கள் முளைக்க வழி பிறக்கிறது. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையைச் செறிவாக்கி அத்துளைக்குள் செலுத்துவோரும் உண்டு. துளையிட்ட எலும்பு பலவீனமாயிருப்பதால், ஏறத்தாழ ஆறு வாரம் ஊன்றுகோலின் உதவியோடுதான் நடக்கவேண்டும். இவ்விஷயத்தில் அவசரப்படுவது எலும்பு முறிவில் முடியக்கூடும்.

இச்சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதன்று. நலிந்த பகுதி பெரிதாயிருந்தால், துளையிட்ட பின்னும் பந்து சரியலாம். சரிந்த பின்போ துளையிடுவதில் பிரயோஜனமில்லை, செயற்கை மூட்டுத்தான் கதி. இளவயதில் பொருத்திய மூட்டு தேய்ந்து, மறுமுறை கத்திக்கு உட்படவேண்டிய நிலையும் நேரும்.

ஆகையால், ஸ்டீராய்டு உட்கொண்டவர்களும் மது அருந்துகிறவர்களும் தொடையிடுக்கு வலி நீடித்தால் எக்ஸ்ரேயோடு திருப்தியடையாமல், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நோய் பெரும்பாலும் இரு பக்கமும் பற்றுவதாதலால், வலியில்லாத இடுப்பையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.