நாலு குழந்தைகள் எங்கே?

சேலம் என்றதும் நமக்கு மாம்பழம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நான் சொல்ல வந்த ஸேலம் அதுவல்ல. அது அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில், அட்லாண்டிக் கடலோரத்தில் இருக்கும் ஒரு பழைய துறைமுகப் பட்டணம். அங்கே சார்ட்டர் தெருவில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதிலுள்ள ஒரு சிறிய கல்லைப் பார்ப்பதற்கென்றே தூரதேசத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வருகிறார்கள்.

காப்டன் ரிச்சர்ட் மோர் என்பவரின் கல்லறைக் கல் அது. 1620-ஆம் வருஷம் இங்கிலாந்திலிருந்து 'மேபிளவர்' என்ற கப்பலில் 102 பேர் அமெரிக்காவில் குடியேறக் கிளம்பினார்கள் அல்லவா? அவர்களில் ஒருவர் இந்த ரிச்சர்ட் மோர். அந்தக் கப்பலில் வந்தவர்களுக்கு அவரவர் காலத்திலேயே நாட்டப்பட்ட கல் என்று இன்று அடையாளம் தெரிவது இது ஒன்றுதான்.

மேபிளவர் கப்பலில் வந்தவர்களின் சந்ததி என்று சொல்லிக் கொள்வதில் அமெரிக்கர்களுக்கு அலாதிப் பெருமை. 1897-ல் அதற்கென்று ஒரு சங்கமே ஏற்படுத்தி விட்டார்கள். அதில் சேர வாயால் சொன்னால் போதாது. தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் அத்தாட்சி காட்ட வேண்டும். ரிச்சர்ட் மோரின் வம்சத்தாரும் அப்படித் தேட ஆரம்பித்தார்கள். ஸேலம் வரையில் வழி சுலபமாய்த்தான் இருந்தது. ஆனால், "கப்பலேறுவதற்கு முன் இந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

ஐந்து வயதுப் பிரயாணி

காலனியின் கவர்னராயிருந்த வில்லியம் பிராட்போர்டு என்பவர் அந்த நாளைய நடப்புகளையெல்லாம் தம் கையால் எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியே வெகு காலம் காணாமல் போயிருந்து, லண்டன் பிஷப்பின் புத்தகசாலையில் அகப்பட்டு, 1856-ல்தான் அச்சேறியது. கப்பலில் வந்தவர்களின் ஜாபிதா அதில் இருக்கிறது. ப்ரூஸ்டர் என்ற பெரியவரிடம் ரிச்சர்ட் மோர் என்ற பையனும் அவனுடைய சகோதரன் ஒருவனும் ஒப்படைக்கப்பட்டார்கள். வின்ஸ்லோ என்பவரிடம் ரிச்சர்டின் சகோதரி எலன். கார்வர் என்பவரிடம் ஜாஸ்பர். இவ்வளவுதான் விவரம். பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஆகவே, இவர்கள் லண்டன் தெருக்களில் திரிந்த அநாதைகளாயிருக்க வேண்டும் என்று பலரும் முடிவு கட்டினார்கள். ஏழைக் குழந்தைகளைப் பொறுக்கியெடுத்து வர்ஜினியாவுக்குக் கப்பலேற்றுவது அந்தக் காலத்தில் வழக்கமாய் இருந்ததால், அப்படி நினைத்ததில் ஆச்சரியமும் இல்லை.

ஆனால் ரிச்சர்ட் மோர் கிழவரான பிறகு ஒரு தடயத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார். 1684-ல் ஒரு வழக்கில் பிரமாண வாக்குமூலம் கொடுத்தபோது, தமக்கு வயது சுமார் 70 என்றும், 1620-ல் லண்டனில் தாமஸ் வெஸ்டன் என்ற இரும்பு வியாபாரியின் வீட்டில் இருந்ததாகவும், அங்கிருந்தே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டதாகவும் சொல்லியிருந்தார்.

1684-ல் 70 என்றால் பிறப்பு 1614 வாக்கில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயர் ஜில்லாவிலுள்ள ஷிப்டன் என்ற கிராமத்து மாதா கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானக் குறிப்புகள் கிடைத்தன. எலன் 1612 மே. ஜாஸ்பர் 1613 ஆகஸ்டு. ரிச்சர்ட் 1614 நவம்பர். மேரி 1616 ஏப்ரல். பெயர்களும் வயதும் அச்சாகப் பொருந்தின. பிராட்போர்டு 'சகோதரன்' என்று எழுதியது ஞாபகப் பிசகு. ப்ரூஸ்டர் வீட்டிலிருந்த இன்னொரு குழந்தை தம்பியல்ல, தங்கை மேரி.

இங்கேதான் புதிர் இன்னும் சிக்கலாயிற்று. அந்தக் குழந்தைகளின் தகப்பனாராகப் பதிவாகியிருந்தவர் ஸாமுவேல் மோர். தாயார் காதரின். இரண்டு பேருமே நிலபுலன் உள்ள பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர், தாயுமில்லாமல் தகப்பனுமில்லாமல், முன்பின் தெரியாதவர்களோடு சமுத்திரம் தாண்டிப் போவானேன்?

சொத்துக்காக ஒரு கல்யாணம்

காதரினின் தகப்பனாருக்கு லார்டன் என்ற இடத்தில் மாளிகையும் நிலமும் இருந்தன. ஆனால் ஆண் வாரிசு இல்லாமற் போய்விட்டது. சொத்து வெளியே போகக் கூடாதே! லின்லியில் இருந்த பங்காளி வீட்டுப் பிள்ளை ஸாமுவேலுக்கு அவளைக் கொடுப்பதென்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். 1611 பிப்ரவரியில் கல்யாணம் நடந்தது. மணமகனுக்கு வயது 17. மணமகள் அவனை விட ஏழெட்டு வயது மூத்தவள்.

ஸாமுவேல் பிறகு ஸூச் பிரபு என்ற பெரிய மனிதரிடம் காரியதரிசி ஆனான். உத்தியோகம் லண்டனில். மனைவி கிராமத்தில். நாலு குழந்தைகள் பிறந்தன. ஆனால் குழந்தைகளின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்குச் சந்தேகம் தட்டியது. அக்கம்பக்கத்தில் இருந்த ஜேக்கப் பிளேக்வே என்ற வாலிபனின் ஜாடை அவற்றில் தெரிவதாக நினைத்தான்.

கடைசிக் குழந்தை மேரிக்கு 1616 ஏப்ரல் 16-ந் தேதி ஞானஸ்நானம். நாலே நாள் கழித்து, ஏப்ரல் 20-ந் தேதி, ஸாமுவேல் ஒரு பத்திரம் எழுதினான். அந்தப் பிள்ளைகளுக்குக் குடும்பச் சொத்தில் பாத்தியதை இல்லாமற் செய்யும் பத்திரம் அது! அதோடு நிற்கவில்லை. குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, தன் தகப்பனாரின் குடியானவர் வீடு ஒன்றில் கொண்டு போய் வைத்தான்.

காதரின் என்ன சொன்னாள் தெரியுமா? அவள் மறைக்கவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு முன்பே பிளேக்வேக்கும் தனக்கும் வாக்குக் கொடுத்து நிச்சயமாகியிருந்தது என்றாள். சாட்சி வைத்து ருசுப்படுத்த முடியாவிட்டாலும் தெய்வத்தின் முன்னால் அதுவும் விவாகந்தான் என்றாள். பிள்ளைகள் இருந்த குடியானவர் வீட்டுக்கே போய்க் கூச்சலிட்டாள். ஒரு தடவை ஆத்திரத்தில் குழந்தைகளின் மேலிருந்த துணியைக் கிழித்தெறிந்தாள் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவள் செய்தது சரியா, தப்பா என்ற தீர்ப்பை வாசகர்களுக்கே விட்டு விடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இந்த விவரமெல்லாம் நமக்குக் கிடைப்பது எதிர்க்கட்சிக்காரர் எழுதிய காகிதத்திலிருந்துதான். அவள் தன் கையால் எழுதிய ஒரு வரிகூட இதில் இல்லை.

ஸாமுவேல் கோர்ட்டில் பிரிவினை கேட்டான், 1619-ல் கிடைத்தது. அவள் அப்பீல் செய்தாள். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இழுத்து, 1620 ஜூலை 8-ந் தேதி அந்த அப்பீல் தள்ளுபடியாயிற்று. தாயின் கடைசி வழியும் அடைபட்டது.

இரண்டே மாதம். செப்டம்பர் 6-ந் தேதி மேபிளவர் இங்கிலாந்துக் கரையை விட்டபோது நாலு குழந்தைகளும் அதில் இருந்தார்கள். எலனுக்கு வயது 8. ஜாஸ்பருக்கு 7. ரிச்சர்டுக்கு 5. மேரிக்கு 4.

முதல் பனிக்காலம்

குழந்தைகளுக்குச் சோறு, துணி, இருக்க இடம் எல்லாம் கொடுப்பது, ஏழு வருஷம் கழிந்ததும் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கொடுப்பது, இதுதான் ஒப்பந்தம். காகிதத்தில் படிக்க நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் நவம்பர் மாதக் கடுங்குளிரில், வீடு வாசல் இல்லாத கரையில் போய் இறங்கினார்கள். அந்த முதல் பனிக்காலத்தில், வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டு போனார்கள். பெரியவர்களே தாங்காத இடத்தில் குழந்தைகள் எம்மாத்திரம்?

ஜாஸ்பர் டிசம்பர் 6-ந் தேதியே போய்விட்டான். அப்போது கப்பல் காட் முனைக்கு அருகில்தான் நின்றிருந்தது. எலனும், குட்டி மேரியும் அந்தக் குளிர்காலத்திலேயே கண்ணை மூடினார்கள். ரிச்சர்ட் ஒருவன்தான் பிழைத்தான்.

பிழைத்தவன் ப்ரூஸ்டர் வீட்டில் வளர்ந்தான். கடல் தொழிலில் இறங்கினான். 1636-ல் கிறிஸ்டியன் ஹண்டர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, பின்னர் ஸேலத்தில் குடியேறி, கப்பல் தலைவனானான். பிள்ளை குட்டிகளோடு பெருகியது குடும்பம்.

இதோடு சுபம் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் வம்ச சரித்திரம் தேடுகிறவர்களுக்கு இனிப்பு மட்டும் கிடைப்பதில்லை! லண்டனில் ஸ்டெப்னி மாதா கோயிலில் 1645-ஆம் வருஷத்துக் கல்யாணப் பதிவேட்டைப் புரட்டியபோது, நியூ இங்கிலாந்தைச் சேர்ந்த ஸேலத்து மாலுமி ரிச்சர்ட் மோர், எலிஸபெத் என்ற பெண்ணை மணந்ததாக ஒரு பதிவு தலை நீட்டியது. அப்போது ஸேலத்தில் கிறிஸ்டியன் உயிரோடு, குழந்தைகளோடு காத்திருந்தாள். எழுபது வயதைக் கடந்த பிறகும் கிழவரைப் பற்றிப் புகார். மாற்றான் மனைவியோடு நடத்தைப் பிசகு என்று 1688-ல் ஸேலத்துத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. அவர் வருந்தி மன்னிப்புக் கேட்டதும் 1691-ல் திரும்பச் சேர்த்துக் கொண்டார்கள்.

கல்லறைக் கல்லும்கூட முழுக்க நம்பும்படி இல்லை. வயது 84 என்கிறது கல். 1692-ல் இறந்தார் என்றும், மேபிளவர் யாத்திரிகர் என்றும் பின்னால் வந்தவர்கள் அதில் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் 1694 மார்ச்சில் அவர் உயிரோடு இருந்ததற்குத் தஸ்தாவேஜு இருக்கிறது. 1696 ஏப்ரலில் இல்லை. ஞானஸ்நானப் பதிவை வைத்துக் கணக்குப் பார்த்தால் சாகும்போது வயது 80-ஐ ஒட்டித்தான் இருக்கும். கல்லில் எழுதினாலும் கணக்குச் சரி பார்க்க வேண்டும் என்பது வம்ச ஆராய்ச்சியில் முதல் பாடம்.

பரணில் கிடந்த பதில்

குழந்தைகளை அனுப்பியவர் யார், ஏன் என்ற மர்மம் மட்டும் 1959 வரையில் விடுபடவில்லை. அந்த வருஷம் ஆண்டனி வாக்னர் என்ற வம்சாவளி நிபுணர் தம் நண்பர் ஜாஸ்பர் மோரை, "உங்கள் வீட்டுப் பழைய காகிதங்களைக் கொஞ்சம் பாருங்களேன்!" என்று தூண்டினார். ஜாஸ்பர் மோர் அந்த ஸாமுவேல் மோரின் வம்சத்தில் வந்தவர். பின்னால் பார்லிமெண்டு அங்கத்தினரும் ஆனார். அவர் பரணைக் குடைந்தார். 1622-ஆம் வருஷத்துக் காகிதம் ஒன்று அகப்பட்டது. மறு வருஷமே வாக்னர் அதைப் பிரசுரித்தார்.

அது ஸாமுவேல் எழுதிய பதில். யாருக்கு? பிரதம நீதிபதி ஸர் ஜேம்ஸ் லே என்பவருக்கு. பதில் என்று ஒன்று இருந்தால் அதற்கு முன் கேள்வி இருக்க வேண்டுமல்லவா? கேட்டவள் காதரின்.

"என் குழந்தைகளை என்ன செய்தார்கள்?"

இதுதான் 1622-ல் அவள் மனுப் போட்டுக் கேட்டது. கேஸ் தோற்றாகி விட்டது. வீடில்லை, மானமில்லை, ஊரில் நல்ல பேரும் இல்லை. ஆனாலும் நீதிபதி வரையில் போய் நின்று கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் ஸாமுவேல், பிளேக்வே விவகாரம் முதல் லண்டன் இரும்பு வியாபாரி வரையில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறான். இங்கேயே இருந்தால் பிள்ளைகள் ஊரார் பழிச்சொல் கேட்டு வளர வேண்டியிருக்கும். அதனால்தான் தூர தேசத்துக்கு அனுப்பினேன் என்று சமாதானமும் சொல்லியிருக்கிறான். அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளில், நாலில் மூன்று குழந்தைகள் ஏற்கெனவே இறந்து போயிருந்தார்கள்.

ஸாமுவேல் மறுவிவாகம் செய்துகொண்டான். உள்நாட்டுப் போரில் பார்லிமெண்டுக் கட்சியில் சேர்ந்து, 1644-ல் ஹாப்டன் கோட்டையைக் காத்து நின்றவன் என்று சரித்திரத்தில் இடம் பிடித்தான். 1662 வரை வாழ்ந்தான். காதரினின் சுவடு அந்த மனுவோடு நின்று போகிறது.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ரிச்சர்டின் சந்ததியாருக்கு இன்று கிடைத்திருக்கும் நீண்ட வம்சாவளி, ஸாமுவேலின் வழியாக வந்ததல்ல. தகப்பன் யார் என்பதில் தகராறு. தாய் யார் என்பதில் தகராறே இல்லை. ஆகவே வாக்னர் காதரினின் வழியைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனார். அது பழைய மன்னர் பரம்பரையில் போய் முட்டியது! அநாதை என்று நினைத்த பையனுக்கு ராஜ வம்ச உறவு. அதைக் கொடுத்தவள், ஊர் தூற்றிய அந்தத் தாயார்.

ஷிப்டன் மாதா கோயிலில் இப்போது அந்த நாலு குழந்தைகளின் நினைவாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் அவர்களுக்கு ஞானஸ்நானம் நடந்ததோ அதே கோயிலில் நாலு பெயரும் மறுபடி ஒன்றாய்ச் சேர்ந்திருக்கின்றன.

அடுத்த தடவை வீடு ஒழிக்கும்போது, பழுப்பேறிய காகிதக் கட்டு ஏதாவது அகப்பட்டால், பழைய பேப்பர்காரனிடம் போடுமுன் ஒரு நிமிஷம் பிரித்துப் பாருங்கள். யாரோ ஒரு பாட்டி எப்போதோ கேட்ட கேள்விக்குப் பதில் அதற்குள் இருக்கலாம்.