சிறு செலவில் திருமலை

கையில் பணம் குறைந்தால் யாத்திரை இயலாது என்று நம்மில் பலர் கருதுகின்றோம். சித்தூரிலிருந்து திருமலை செல்லும் வழி அக்கருத்தை மாற்றிவிடும்.

பாகாலா மார்க்கமாகச் செல்லும் சாதாரண ரயிலில் சொற்பக் கட்டணத்தில் திருப்பதியை அடையலாம். அங்கிருந்து மலையேற இரண்டு நடைபாதைகள் உண்டு. அலிபிரி வழி ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3,550 படிகள். சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு வழியோ சுமார் 2 கிலோமீட்டரே, 2,388 படிகள். முன்னது நீண்டதாயினும் இடையிடையே சமதரை உண்டு. பின்னது குறுகியது, ஆயினும் செங்குத்தானது. முதியோர்க்கு முன்னதே ஏற்றது.

மூட்டைகளை அடிவாரத்தில் ஒப்படைத்தால் தேவஸ்தானத்தார் கட்டணமின்றி மேலே சேர்ப்பிக்கின்றனர். தங்குவதற்கு இலவசக் கூடங்கள் உள்ளன. 1985இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் பசியாற்றுகிறது.

எனினும், சிக்கனம் வேறு, அசட்டை வேறு. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் சிறுத்தை தாக்கிச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். ஆதலால் பகற்பொழுதிலேயே கூட்டமாக ஏறுவோம். குழந்தைகளின் கையை விடாதிருப்போம்.

இலவச உணவு பிறர் ஈந்த நன்கொடையால் நடப்பது. வேண்டிய அளவே பெற்று, இலையில் மிச்சம் வையாது உண்பது நம் கடமை.