"இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றால் வலியோடு கிடக்க வேண்டுமா?

தியாகதுருகம்:-

"வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போங்க. இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லே."

பெரிய ஆஸ்பத்திரியில் இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, புற்றுநோயாளியோடு தியாகதுருகம் பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. நோய் தீராது, சரி. ராத்திரி முழுக்க அலறுகிறாரே, அதற்கு என்ன வழி?

வழி இருக்கிறது. அதற்குப் பெயர் நோய் ஆதரவு சிகிச்சை.

யாருக்கு?

"சாகப்போறவங்களுக்குத்தானே அது?" என்று கேட்பார்கள். தப்பு. கிட்னி பழுதானவர், இதயம் தளர்ந்தவர், மூச்சுக்குத் திணறுகிறவர், பக்கவாதத்தில் படுத்த படுக்கையானவர் எல்லோருக்கும் உண்டு. நோய்க்கு வைத்தியம் நடக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

நோயை விரட்டும் வைத்தியம் பலிக்காது என்றான பிறகு, மீதி நாட்களை வேதனை இல்லாமல் கழிக்க வைப்பது "ஹாஸ்பிஸ்". லண்டனில் 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் டாக்டர் இதற்கு வழிகாட்டினார். மும்பையில் 1986-ல் சாந்தி அவேதனா வந்தது. சென்னை மாத்தூரில் ஜீவோதயா இருக்கிறது.

அத்தனை தூரம் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக எல்லோராலும் முடியுமா? 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டது. நர்சு வீட்டுக்கே வந்து படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் இதில் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம்!

மார்பின் பயம்

கடும் வலிக்கு டாக்டர் மார்பின் மாத்திரை எழுதினால் வீட்டில் கலவரம். "அபின் சரக்காச்சே, பழக்கம் ஆயிடுமே!"

டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுத்தால் போதைக்கு அடிமையாவது அபூர்வம். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். முன்பு ஆஸ்பத்திரிகளே இதை வாங்கி வைக்க லைசென்சு மேல் லைசென்சு தேவைப்பட்டது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு ஒரே அனுமதி போதும் என்று ஆக்கினார்கள். சட்டம் இறங்கி வந்தும் வீட்டுக்காரர்களின் பயம் இறங்கவில்லை.

நோயாளியை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். பழைய ஆஸ்பத்திரி சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் நர்சு முதலில் கேட்பது அதைத்தான்.