கிடைத் தங்கலில் முதலுதவி

கிடைத் தங்கலில் முதலுதவி என்பது, ஆட்டு மந்தையுடன் ஊருக்கு வெளியே திறந்த வயலில் இரவு தங்குபவர்களுக்கு ஏற்படும் நச்சுக்கடி, காயம், திடீர் நோய் ஆகியவற்றுக்கு, அவர்கள் மருத்துவமனையை அடையும் வரை செய்யப்படும் உதவி ஆகும். விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கரிசல் மானாவாரி நிலங்களில் கிடை போடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இத்தகைய தங்கல்களில் விபத்தின் கடுமையைப் போலவே, வயலுக்கும் மருத்துவமனைக்கும் இடையே கழியும் நேரமும் அந்நேரத்தில் செய்யப்படும் செயல்களும் உயிரைத் தீர்மானிக்கின்றன.

பின்னணி

அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை இரவில் அடைத்து வைப்பதே கிடை எனப்படுகின்றது. ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகின்றன. நில உடைமையாளர் அதற்காகப் பணமோ தானியமோ வழங்குவார். மந்தைகளை நடத்திச் செல்லும் தலைவர் கீதாரி என அழைக்கப்படுகின்றார். சில இரவுகளுக்கு ஒரு முறை கிடை அடுத்த வயலுக்கு மாற்றப்படுவதால், தங்கும் இடம் நிலையானதாக இருப்பதில்லை.

இப்பகுதியின் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. கோடையில் கரிசல் மண் ஆழமாக வெடிக்கின்றது. இவ்வெடிப்புகளிலும், கண்மாய்க் கரைகளிலும், சீமைக் கருவேலப் புதர்களிலும் எலிகளும் அவற்றைத் தேடி வரும் பாம்புகளும் தங்குகின்றன. மழைக்காலத்தில் அதே மண் களியாகிச் சக்கரங்களில் ஒட்டிக்கொள்வதால், வண்டிப்பாதைகளில் வாகனங்கள் செல்ல இயலாது போகின்றது.

மந்தையை விட்டு அகல இயலாமை

கிடையில் ஏற்படும் தாமதத்துக்குத் தொலைவு மட்டும் காரணமன்று. இரவில் மந்தையை விட்டுச் சென்றால் நரி, தெருநாய், திருட்டு ஆகியவற்றால் ஆடுகள் இழக்கப்படலாம். அவை பெரும்பாலும் குடும்பத்தின் முழுச் சொத்தாகும். எனவே கடிபட்டவர் வலி குறைவாக இருந்தால் விடியட்டும் எனக் காத்திருக்கும் நிலை ஏற்படுகின்றது. கட்டுவிரியன் கடியில் இக்காத்திருப்பே உயிரிழப்புக்குக் காரணமாகலாம்.

இதனால் கிடையில் இருவருக்குக் குறையாமல் தங்குவதும், அவசரம் நேர்ந்தால் யார் உடன் செல்வது, யார் மந்தையுடன் நிற்பது என்பதை முன்னரே முடிவு செய்வதும் முதலுதவியின் முதற்படியாகும். தனியாகத் தங்க நேர்ந்தால், வயல் உடைமையாளரிடமோ அருகிலுள்ள கிடையினரிடமோ அவசரத்தில் மந்தையைப் பார்த்துக்கொள்ள முன்கூட்டியே பேசி வைத்தல் வேண்டும்.

பாம்புக்கடி

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024 ஆம் ஆண்டில் இது அரசுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் பெரும்பாலான உயிரிழப்புகளுக்கு நான்கு வகைப் பாம்புகள் காரணமாகின்றன.

நல்ல பாம்பு: கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் ஏற்படும். நஞ்சு நரம்புகளைத் தாக்குவதால் இமைகள் தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும்.

கட்டுவிரியன்: பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவர்களைக் கடிக்கின்றது. கடிவாயில் வீக்கமோ வலியோ அநேகமாக இருப்பதில்லை; பல் தடமும் தெரியாமல் போகலாம். அதிகாலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்குதல், விழுங்க இயலாமை ஆகியவற்றுடன் விழிப்பவருக்குப் பாம்பு கடித்ததே தெரியாதிருக்கலாம். தரையில் உறங்கியவரிடம் இவ்வறிகுறிகள் தோன்றினால் அதனை அசீரணம் எனக் கருதாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

கண்ணாடி விரியன்: கடும் வலியும் விரைந்து பரவும் வீக்கமும் உண்டாகும். இரத்தம் உறையும் தன்மையை இழப்பதால் ஈறு, சிறுநீர் ஆகியவற்றில் இரத்தம் காணப்படலாம். சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும்.

சுருட்டை விரியன்: உருவில் சிறியது, வறண்ட மணற்பாங்கான, கல் நிறைந்த நிலங்களில் வாழ்வது. இதன் நஞ்சும் இரத்தம் உறைதலைத் தடுக்கின்றது.

செய்ய வேண்டியவை

கடிபட்டவரை அமைதிப்படுத்தி, நடக்கவோ ஓடவோ விடாமல் படுக்கச் செய்தல் வேண்டும். தசைகள் அசையும்போது நஞ்சு உடலில் விரைந்து பரவுகின்றது. மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் போன்றவற்றை வீக்கம் வருமுன் அகற்ற வேண்டும். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல், கடிபட்ட கை அல்லது காலை ஒரு கம்புடன் சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்கவேண்டும். பின்னர் தாமதமின்றி மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கடித்த நேரத்தையும், வழியில் தோன்றிய மாற்றங்களையும் நினைவில் வைத்து மருத்துவரிடம் கூறுவது சிகிச்சைக்குப் பெரிதும் உதவும்.

தவிர்க்க வேண்டியவை

கடிவாய்க்கு மேல் கயிற்றாலோ துணியாலோ இறுக்கிக் கட்டுதல் கூடாது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு உறுப்பு அழுகக்கூடும். கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சூடு வைத்தல், பச்சிலை அரைத்துப் பூசுதல் ஆகியனவும் தவிர்க்கப்பட வேண்டும். இரத்தம் உறையாத நிலையில் கீறிய புண் நிற்காத குருதிப்பெருக்கைத் தரும். பாம்பைத் தேடி அடிப்பதால் நேரம் வீணாவதுடன் இன்னொருவரும் கடிபடலாம். துண்டிக்கப்பட்ட பாம்பின் தலையும் சிறிது நேரம் கடிக்க வல்லது.

மந்திரித்தலாலும் பச்சிலையாலும் பலர் பிழைத்ததாகக் கூறப்படுவதுண்டு. இந்தியப் பாம்புகளில் பெரும்பாலானவை நச்சற்றவை. நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. இத்தகையோர் எதுவும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பர். நஞ்சு இறங்கியவருக்கு நச்சுமுறி மருந்து ஒன்றே மாற்றாகும்.

நச்சுமுறி மருந்து

இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. ஆகவே பாம்பைப் பிடித்துக் கொண்டு செல்லவேண்டிய தேவையில்லை. சிறிதளவு நஞ்சைக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து இது தயாரிக்கப்படுகின்றது. இதற்கான நஞ்சை வழங்குவதில், 1978 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் அருகே இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் முக்கிய இடம் வகிக்கின்றது. இம்மருந்து கடும் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியதாதலால் மருத்துவமனையில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும். பாம்பு செலுத்தும் நஞ்சின் அளவு கடிபடுபவரின் வயதைப் பொறுத்ததன்று. எனவே குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்குரிய அளவே கொடுக்கப்படுகின்றது.

தேள் கொட்டு

கருந்தேள் கொட்டினால் பொதுவாக வலி மட்டுமே இருக்கும். உருவில் சிறிய செந்தேளின் நஞ்சு இதயத்தைப் பாதிக்கக் கூடியது. மிகுந்த வியர்வை, வாந்தி, கை கால் சில்லிடல், மூச்சுத் திணறல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகளாகும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். மகாராட்டிர மாநிலத்தில் கிராமப்புற மருத்துவராகப் பணியாற்றிய ஹிம்மத்ராவ் பவஸ்கர், 1980களில் பிரசோசின் என்னும் இரத்த அழுத்த மருந்து செந்தேள் நஞ்சுக்குப் பயன்படுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். அதன்பின் இக்கொட்டினால் ஏற்படும் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. மேற்கண்ட அறிகுறிகள் தோன்றுவோரையும், கொட்டுப்பட்ட குழந்தைகளையும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

வெப்பத் தாக்கம்

பங்குனி முதல் ஆனி வரை, நிழல் குறைந்த மேய்ச்சல் வெளியில் பகல் முழுவதும் நிற்பவர்களுக்கு வெப்பத் தாக்கம் ஏற்படக்கூடும். உடல் வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்து, உளறல், தள்ளாட்டம், மயக்கம் ஆகியவை காணப்பட்டால் அது உயிராபத்தான நிலையாகும். பாதிக்கப்பட்டவரை நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் போர்த்தி விசிற வேண்டும். வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விப்பதை உடனே தொடங்குதல் அவசியம். நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது.

வயிற்றுப்போக்கினாலும் நீரிழப்பு ஏற்படுகின்றது. 1971 ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பங்காவுன் ஏதிலிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. அங்கு மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பு, சர்க்கரைக் கரைசலைப் பெருமளவில் வாய்வழியே கொடுத்ததால், இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லாதபோது, 1 லிட்டர் தூய நீரில் 6 மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். உப்பிட்ட மோரும் நீராகாரமும் உதவும்.

மின்னலும் மின்சாரமும்

கோடை மழையின்போதும் ஐப்பசி, கார்த்திகை மழையின்போதும் மின்னல் ஆபத்து உண்டு. திறந்த வெளியில் தனித்து நிற்கும் பனை மரத்தின் அடியில் ஒதுங்கக் கூடாது. இடி கேட்டவுடன் கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ செல்வதே பாதுகாப்பானது. மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரை உடனே தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையெனில் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும்.

தழை அறுக்கும் தொரட்டி மின்கம்பியில் பட்டு ஏற்படும் விபத்து இதற்கு மாறானது. மின் இணைப்பு துண்டிக்கப்படும் வரை பாதிக்கப்பட்டவரை நெருங்கக் கூடாது.

காயங்கள்

அரிவாள் வெட்டில் குருதி வழிந்தால், தூய துணியை வைத்து விடாமல் 10 நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். மண், சாம்பல், காப்பித்தூள் ஆகியவற்றை அப்பக் கூடாது. இரண ஜன்னி நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் வாழ்வதால், கிடையில் ஏற்படும் சிறு முள் குத்துக்கும் தடுப்பூசி குறித்து மருத்துவரைக் கேட்கவேண்டும். முள்ளை எடுத்தபின் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் நன்று. கண்ணில் தைத்த முள்ளைப் பிடுங்காமல், கண்ணை அழுத்தாதவாறு மூடி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

நாயோ நரியோ கடித்தால், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடத் தொடங்கவேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் ஆகியவற்றைத் தடவக்கூடாது. தடுப்பூசி பல தவணைகளாகப் போடப்படுவதால், கிடை வேறு ஊருக்கு மாறினாலும் மருத்துவமனைச் சீட்டைப் பாதுகாத்து, அவ்வூரின் அரசு மருத்துவமனையில் தொடரவேண்டும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பது மிக அரிது.

மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய இடங்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது; இது அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. பாம்புக்கடியில், நச்சுமுறி மருந்து உள்ள மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கே முதலில் செல்லவேண்டும். மேல் சிகிச்சை தேவையா என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார்.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பெயரற்ற வயலில் இருந்து அழைக்கும்போது இடத்தை விளக்குவது கடினம். ஆகவே கிடை மாறும் ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள ஊர், கண்மாய், கோயில், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டறிந்து கொள்ளவேண்டும். ஊர்தி வயலுக்குள் வர இயலாதெனில், பாதிக்கப்பட்டவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தார்ச்சாலை வரை தூக்கிச் சென்று அங்கு காத்திருக்கலாம். ஊர்தி வரத் தாமதமாகுமெனில் இருசக்கர வண்டியில், ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவே அமர்த்திச் செல்லலாம். வாந்தி எடுப்பவரையோ மயங்கியவரையோ இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கவேண்டும்.

முன்னேற்பாடுகள்

தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் உறங்குதலும், கொசுவலையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் செருகி வைத்தலும் கட்டுவிரியன் கடியிலிருந்து நல்ல பாதுகாப்பை அளிக்கின்றன. இரவில் எழுந்து நடக்கும்போது கைவிளக்கும் காலணியும் தேவை. விறகையும் தழைக்கட்டையும் படுக்கைக்கு அருகில் வைக்கக்கூடாது. மின்னேற்றிய கைபேசி, தூய துணிகள், சவர்க்காரம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், குடிநீர் ஆகியவை கிடையில் எப்போதும் இருத்தல் வேண்டும். இவை அனைத்தும் இருந்தாலும், மந்தையை யார் பார்ப்பது என்பது முன்னரே முடிவாகாத கிடையில், புறப்படும் நேரம் தள்ளிப்போகக்கூடும்.