மின்னஞ்சலுக்கும் ஒரு மண்டபம் முகாம்

சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ஓடிய ‘போட் மெயில்’ ரயிலைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், அந்த ரயிலில் வந்த தபால் பைகளும் பயணிகளும் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். 1964 டிசம்பர்ப் புயலோடு அந்த வழி அழிந்தது. அக்காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் நேரே கப்பலேறிவிட முடியாது. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் தங்க வேண்டும். அம்மை, காலரா போன்ற தொற்று இல்லை என்று மருத்துவர் கண்ட பிறகே பயணம். நோயில்லாதவரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

மாணவியரே, இன்று மின்னஞ்சலுக்கும் இத்தகைய தடை உண்டு. அதற்குத் தடைப்பட்டியல் என்று பெயர்.

நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் தந்தையார் வளைகுடா நாடுகளிலோ, சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ உழைக்கின்றார். மகளின் சான்றிதழ் நகலை அவருக்கு ஒரு பள்ளி அலுவலகம் மின்னஞ்சலில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிடமே அது திரும்பி வருகிறது. உடன் 550 என்ற எண்ணும், ‘உங்கள் முகவரி தடைப்பட்டியலில் உள்ளது’ என்ற பொருள்படும் ஒரு வரியும் இருக்கின்றன. மறுநாள் கடைசி நாளாக இருந்தால் அக்குடும்பத்தின் தவிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தாரோ எந்தத் தவறும் செய்ததாக அறியார்.

இப்பட்டியல்கள் ஏன் தோன்றின? கேளாதவருக்கு மொத்தமாக அனுப்பும் விளம்பரக் கடிதத்தைக் குப்பை அஞ்சல் என்கிறோம். 1978-இல் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இதுவே முதல் குப்பை அஞ்சல் என்பர். பின்னர் அது வெள்ளமாகப் பெருகவே, 1997-இல் பால் விக்சி என்பவரும் அவர்தம் நண்பர்களும், குப்பை அனுப்பும் கணினிகளின் எண்களைத் தொகுத்துப் பட்டியலிட்டனர். மறு ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்ட் லண்டனில் ‘ஸ்பாம்ஹாஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். இன்று பெரிதும் மதிக்கப்படும் பட்டியல்கள் அதனுடையவை.

அஞ்சல் அனுப்பும் கணினியை சர்வர் என்கிறோம். ஒவ்வொரு சர்வருக்கும் வீட்டு இலக்கம் போல ஓர் ஐ.பி. எண் உண்டு. 203.0.113.25 என்ற எண்ணிலிருந்து ஒரு கடிதம் வந்தால், பெறும் சர்வர் அவ்வெண்ணைத் தலைகீழாக்கி, 25.113.0.203 என்று எழுதி, பட்டியலின் பெயரை அதனுடன் சேர்த்து இணையத்தின் பெயர்ப் பதிவேட்டிடம் கேட்கிறது. ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று விடை வந்தால் கடிதம் உள்ளே வரும். 127.0.0.2 போன்ற விடை வந்தால் எண் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். கடைசி இலக்கம் காரணத்தையும் சொல்லிவிடும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து விடுகிறது! கடிதத்தை மறுப்பவர் பட்டியல்காரர் அல்லர் என்பதையும் கவனியுங்கள். அவர் தகவல் சொல்பவரே. கதவை அடைப்பது பெறுபவரின் சர்வர்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2012-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், உலகக் குப்பை அஞ்சலை அனுப்பிய நாடுகளில் இந்தியா முதலிடம் என்று சோபோஸ் நிறுவனம் அறிவித்தது, பங்கு 9.3 விழுக்காடு. இந்தியர் அத்தனை பேரும் விளம்பரம் எழுதினார்கள் என்பதல்ல. புதிதாக இணையத்துக்கு வந்த கணினிகளில் நச்சு நிரல் புகுந்து, உரிமையாளர் அறியாமலே இரவும் பகலும் அஞ்சல் அனுப்பியது. திருட்டு மென்பொருளை ஐம்பது ரூபாய்க்கு வாங்கியவர்கள் அதன் முழு விலையை அறியவில்லை.

இனி, பட்டியலிலிருந்து மீள்வதற்கு வருவோம். திரும்பி வந்த கடிதத்தைப் பதற்றத்தில் அழித்துவிடக் கூடாது. எந்தப் பட்டியல், எந்த எண் என்பது அதிலேயே இருக்கும். அப்பட்டியலின் தளத்தில் எண்ணைக் கொடுத்தால் காரணம் தெரியும். பலரும் அவசரப்பட்டு அங்கேயே ‘நீக்குக’ என்ற பொத்தானை அழுத்தி விடுகிறார்கள். நோயோடு கப்பலேற முயல்வது போன்றதே இது. நீக்கிய சில மணி நேரத்தில் எண் மீண்டும் ஏறிவிடும். அடுத்த முறை விண்ணப்பத்தை எளிதில் நம்பமாட்டார்கள். வருத்தமும் திருந்தும் உறுதியும் இல்லாத பாவசங்கீர்த்தனம் எத்தகையது என்று சகோதரிகள் நமக்குச் சொல்லியிருக்கிறார்களே!

ஆகவே முதலில் நோயைத் தேட வேண்டும். சர்வரில் அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், நாம் எழுதாத ஆயிரம் கடிதங்கள் நிற்கலாம். யாரோ ஒருவரின் கடவுச்சொல் ‘12345’ என்றிருந்து களவு போயிருக்கலாம். பள்ளி இணையதளத்தின் பழைய மென்பொருளில் ஓட்டை இருக்கலாம். அலுவலகக் கணினி ஒன்று நோய்ப்பட்டிருந்தால், சர்வர் தவிர வேறெந்தக் கணினியும் 25-ஆம் எண் வாயில் வழியே வெளியே அஞ்சல் அனுப்பாதபடி ரவுட்டரில் அடைத்துவிட வேண்டும். மிகவும் பயன் தருவது இந்த ஒரு காரியம்தான் என்பது என் கருத்து. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்னும் அடையாளப் பதிவுகளையும் சரிசெய்து கொள்வது நல்லது. ‘இக்கடிதம் உண்மையில் இவர்களுடையதே’ என்று சான்று கூறும் முத்திரைகள் அவை.

அதன் பிறகே விண்ணப்பம். என்ன நேர்ந்தது, என்ன செய்தோம் என்று நான்கு வரியில் உண்மையை எழுதினால் போதும். ஸ்பாம்ஹாஸ் இதற்குக் காசு வாங்குவதில்லை. ஸ்பாம்காப் பட்டியலில் புகார்கள் நின்ற 24 மணி நேரத்தில் எண் தானாகவே நீங்கிவிடும். விரைவாக நீக்கப் பணம் கேட்கும் பட்டியல்களும் சில உண்டு. அவற்றை மதிக்கும் சர்வர்கள் குறைவு.

வழக்குத் தொடுத்து நீக்க முயன்றவரும் உண்டு. அமெரிக்காவில் இ360 இன்சைட் என்ற விளம்பர நிறுவனம் ஸ்பாம்ஹாஸ் மீது வழக்கிட்டது. ஸ்பாம்ஹாஸ் தொடர்ந்து வாதாட முன்வராததால், 2006-இல் 1 கோடியே 17 லட்சம் டாலருக்கும் மேல் தர வேண்டுமென்று சிகாகோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில், நட்டத்தைக் கணக்குக் காட்டி மெய்ப்பிக்க வேண்டும் என்றார்கள். 2010-இல் தொகை 27,002 டாலராகக் குறைந்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் குறைத்து 3 டாலர் என்றது! ஐந்தாண்டு வழக்குச் செலவு எவ்வளவோ!

சில நேரம் குற்றம் நம்முடையதாகவே இராது. மலிவு விலைச் சர்வர் ஒன்றில் நூறு நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பகிர்ந்து கொள்ளும். அவற்றுள் ஒன்று குப்பை அனுப்பினாலும் எல்லாருக்கும் தடை. அப்போது நாம் விண்ணப்பித்துப் பயனில்லை. எண்ணின் உரிமையாளரான நிறுவனமே விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் இழுத்தடித்தால் வேறு எண் கேட்கலாம், அல்லது வேறு நிறுவனத்துக்கு மாறலாம். எண் நீங்கிய பின்னும் சில சர்வர்கள் பழைய விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். ஆகையால் அவசரச் சான்றிதழை அதுவரை வேறு வழியில், வாட்ஸ்அப்பிலோ விரைவு அஞ்சலிலோ, அனுப்பிவிடுவதே உத்தமம்.